மோட்டுப்பள்ளி அபய சாசனம்

ஆந்திரக் கடற்கரையில் இன்று சிற்றூராய் இருக்கும் மோட்டுப்பள்ளி, ஒரு காலத்தில் தூரதேச வணிகர் நாடிவந்த துறைமுகம். அங்கே 1244-ஆம் ஆண்டளவில் காகதீய மன்னர் கணபதிதேவர் பொறித்த அபய சாசனம், புயலில் உடைந்து கரையொதுங்கிய மரக்கலங்களின் பொன், யானை, குதிரை, ரத்தினம் முதலான சரக்கையெல்லாம் முந்தைய அரசர்கள் பலாத்காரமாகக் கவர்ந்துவந்ததைச் சொல்லி, உயிரினும் பொருளே பெரிதென்று கடலேறும் வணிகர்பால் கொண்ட கருணையாலும், தம் கீர்த்தியையும் தர்மத்தையும் கருதியும், விதித்த சுங்கம் தவிர யாவற்றையும் விட்டுக்கொடுப்பதாகப் பிரகடனம் செய்கிறது. அச்சுங்கமோ முப்பதில் ஒரு பங்கு. சந்தனம், கற்பூரம் போன்றவற்றுக்குத் தனி விகிதம். விகிதம் கல்லில் ஏறிவிட்டபின் துறைமுக அதிகாரி இஷ்டம்போல் கூட்ட இயலாதல்லவா? கருணையைக் காட்டிலும் அதையே நான் பெரிதாக மதிக்கிறேன். தூரதேச வணிகத்தின் இடரிலிருந்து வணிகரைக் காக்க, சுதந்திர இந்தியாவும், அயல்நாட்டார் பணம் தரத் தவறினால் ஏற்றுமதியாளரின் நஷ்டத்தில் பெரும்பங்கை ஏற்கும் காப்பீட்டுக் கழகமொன்றை 1957-இல் நிறுவியது.