நூலுக்குச் சுற்றம் தேடுதல்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

இம்மேடையில் ஆண்டுதோறும் கம்பனையும் வள்ளுவனையும் பற்றிப் புலவர் பெருமக்கள் உரை நிகழ்த்தக் கேட்டு மகிழ்ந்திருக்கின்றோம். மெட்ரிக் தேறியதோடு பள்ளியை விட்டு, இரயில்வே அலுவலகத்தில் கோப்புகளோடு காலங்கழித்து வரும் நம்மை இம்முறை செயலாளர் இங்கே நிறுத்திவிட்டார். காரணம் உண்டு. கரக்பூரில் நம்மோடு வாழும் பெரியவர் ஒருவரின் ஏழு நோட்டுப் புத்தகங்களை நூலாக்கித் தருவதென்று சென்ற ஆண்டுக் கூட்டத்தில் உறுதி கூறினோம். அவ்வேலை எந்த அளவில் நிற்கிறது என்பதைச் சொல்லக் கடமைப்பட்டுள்ளோம்.

பெரியவர் 34 ஆண்டுகள் சரக்கு வண்டி கார்டாகப் பணியாற்றியவர். டாடாநகர், சக்கரதர்பூர் பக்கமெல்லாம் நிலக்கரியும் இரும்புத் தாதும் ஏற்றிய வண்டிகளின் கடைசிப் பெட்டியில் இரவும் பகலும் சென்றவர். நீராவி எஞ்சினையும் கண்டார். மின்சார எஞ்சினையும் கண்டார். இன்று அவருக்கு வயது 81. கண்ணில் அழுத்தம் ஏறிப் பார்வை சுருங்கி வருகிறது. இழந்த பார்வை திரும்பாது என்று மருத்துவர் கூறிவிட்டார். அச்சான தம் நூலைத் தம் கண்ணாலேயே படித்துவிட வேண்டும் என்பது அவருடைய ஆசை. நமது அவசரமும் அதனால்தான்.

பதினான்கு மாதம் முயன்று நோட்டுப் புத்தகங்களைச் செப்பமாகப் படியெடுத்து, சென்னைப் பதிப்பாளர் ஒருவருக்கு அனுப்பினோம். அவரிடமிருந்து வந்த விடை மூன்றே வரி. இதனை ஒத்த நூல்கள் எவை? அவற்றை வாங்கியோர் யாவர்? கடையில் எந்த நூல்களின் பக்கத்தில் இதனை வைப்பது? இவ்வளவே.

நமக்குச் சினம் வந்தது என்பதை மறைப்பதற்கில்லை. ஒரு மனிதன் தன் வாழ்நாளை எழுதிக் கொடுத்தால், இது யாரைப் போலிருக்கிறது என்று கேட்பது முறையா? “இதனை ஒத்த நூல் தமிழில் வேறொன்றும் இல்லை” என்று பெருமையோடு எழுதி அனுப்பினோம். அதற்கு விடை வரவில்லை.

இரண்டு மாதம் சென்றபின், பார்சல் ஆபீசில் முன்னர்ப் பணியாற்றிய நாட்கள் நினைவுக்கு வந்தன. சேருமிடம் எழுதாத மூட்டை ஒன்று வந்தால் நாம் என்ன செய்வோம்? உள்ளே பட்டு இருந்தாலும் பருத்தி இருந்தாலும் அது மூலையில்தான் கிடக்கும். நாம் அனுப்பியதும் அத்தகைய மூட்டையே. நூலின் தரத்தைப் பற்றிப் பதிப்பாளர் ஐயுறவில்லை. அது போய்ச் சேரவேண்டிய இடத்தைத்தான் கேட்டார்.

எனவே ஒத்த நூல்களைத் தேடப் புறப்பட்டோம். கரக்பூரிலிருந்து ஹௌராவிற்குச் சற்றேறக்குறைய 115 கிலோ மீட்டர். விடுப்பு நாட்களில் லோக்கல் வண்டியேறி, அங்கிருந்து பேருந்தில் அலிப்பூர் பெல்வெடேரில் உள்ள தேசிய நூலகத்திற்குச் சென்றோம். வங்கத்தில் வாழும் தமிழர் பலர் அதன் அருமையை அறியார். 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்நாட்டில் வெளியாகும் ஒவ்வொரு நூலின் படியையும் பதிப்பாளர் அந்நூலகத்திற்கு அனுப்புதல் வேண்டும். பேராசிரியர் வையாபுரிப் பிள்ளை அவர்களின் நூற்சேகரமும் அங்கேதான் இருக்கிறது. தமிழுக்கு இத்துணைப் பெரிய வீடு கங்கைக் கரையருகே இருக்க, நாம் சென்னையையே நோக்கிக் கொண்டிருக்கின்றோம்.

அங்கு நாம் முதலிற் செய்தது முழுத் தவறு. பட்டியலில் ‘ரயில்’ என்னும் சொல்லைத் தேடினோம். ‘சயாம் மரண ரயில்’ அகப்பட்டது. மலேசியத் தமிழர் சண்முகம் எழுதிய புதினம் அது. ஜப்பானியர் 1942-43-இல் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே இருப்புப் பாதை போட்டபோது மடிந்த தமிழ்த் தொழிலாளரின் கண்ணீர் அது. அதனை வாங்கும் வாசகர் போர்க்காலக் கொடுமையை அறிய வாங்குகிறார். சிக்னலையும் சரக்கு வண்டியையும் அறிய அன்று. தலைப்பிலே ரயில் இருந்து பயன் இல்லை.

தலைப்பு ஏமாற்றும் என்பதற்கு இன்னொரு சான்றும் கிடைத்தது. வேட்டைக்காரர் என்று நாம் அறிந்த ஜிம் கார்பெட், பீகாரில் மொகாமா காட் என்னும் கங்கைத் துறையில் சற்றேறக்குறைய இருபது ஆண்டுகள் அகலப் பாதை வண்டிக்கும் மீட்டர் பாதை வண்டிக்கும் இடையே சரக்கு மாற்றும் ஒப்பந்தம் எடுத்திருந்தவர். அவர் 1952-இல் வெளியிட்ட நூலில், தம்மோடு மூட்டை சுமந்த தொழிலாளரைப் பற்றி மிக அன்போடு எழுதியிருக்கிறார். அது தமிழில் ‘எனது இந்தியா’ என்னும் பெயரில் கிடைக்கிறது. எஸ். ராமகிருஷ்ணன் எழுதிய வரலாற்றுக் கட்டுரை நூலுக்கும் அதே பெயர்தான். கடைக்காரரிடம் பெயரை மட்டும் சொன்ன நமக்கு முதலில் கிடைத்தது இரண்டாவது நூல். அதுவும் நல்ல நூலே. நமக்கு வேண்டியது அதுவன்று.

நூலகத்தில் அலமாரிகளிடையே உலவ இயலாது. பெயர் எழுதிச் சீட்டுக் கொடுத்தால் புத்தகம் வரும். பெயர் தெரியாத நூலைச் சீட்டில் எழுதுவது எப்படி? ஆகவே பொங்கலையொட்டிப் பாஸில் ஊர் சென்றபோது சென்னைப் புத்தகக் காட்சியில் இரண்டு நாள் நின்றோம். வாங்குவதற்கு அன்று, வாங்குவோரைப் பார்ப்பதற்கு. ஒரு கடையிலிருந்த இளைஞரிடம், “தம்பி, இந்தப் புத்தகத்தை எடுப்பவர்கள் கூடவே வேறெதை எடுக்கிறார்கள்?” என்று கேட்டோம். அவர் நம்மை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, தயங்காமல் நான்கு நூல்களை எடுத்து அடுக்கினார். பட்டியல் சொல்லாததை அந்தப் பிள்ளை ஒரு நிமிடத்தில் சொன்னார்.

அப்பொழுதுதான் ஒன்று விளங்கிற்று. ஒத்த நூல் என்பது ஒரே பொருளைப் பற்றிய நூல் அன்று; ஒரே வாசகர் கையிலெடுக்கும் நூல். தூத்துக்குடி உப்பளத் தொழிலாளரைப் பற்றி ராஜம் கிருஷ்ணன் எழுதிய ‘கரிப்பு மணிகள்’, திண்டுக்கல் தோல் பதனிடும் தொழிலாளரைப் பற்றி டி. செல்வராஜ் எழுதி 2012-இல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்ற ‘தோல்’, தேயிலைத் தோட்டத்து மருத்துவர் பி. எச். டேனியல் 1969-இல் ஆங்கிலத்தில் எழுதி, பின்னர் ‘எரியும் பனிக்காடு’ எனத் தமிழான நூல் ஆகிய இவற்றில் இரயில் இல்லை. ஆயினும் ஒரு தொழிலின் உள்ளே மனிதர் எவ்வாறு உண்டு உறங்கி உழைத்து மாய்கின்றனர் என்று அறிய விரும்புவோர் இவற்றைத் தேடிப் படிக்கின்றனர். அவர்களே பெரியவருக்கும் வாசகர். மற்றொரு பக்கம் அசோகமித்திரனின் ‘பதினெட்டாவது அட்சக்கோடு’ இருக்கிறது. 1977-இல் வந்த அப்புதினத்தில் செகந்திராபாத் இரயில்வே குடியிருப்பில் ஒரு தமிழ்க் குடும்பம் வாழ்கிறது. வெளியூர்க் குவார்ட்டர்ஸில் வளர்ந்த நம் பிள்ளைகள் அதில் தம் வீட்டையே காண்பர்.

பெரும் புகழ் பெற்ற நூல்களை ஒப்புச் சொல்லுதல் கூடாது என்பதையும் கற்றோம். ‘பொன்னியின் செல்வன்’ போல விற்கும் என்று எழுதினால் பதிப்பாளர் நகைப்பார். அதனை எல்லோரும் வாங்குகின்றனர். ஆகவே யார் வாங்குவர் என்ற வினாவிற்கு அது விடையாகாது.

இனி, அந்நூல்களை விரித்துவைத்து நாம் செய்த கணக்கு வேலையைச் சொல்லுகின்றோம். எழுத்தர் தொழில் இங்கேதான் பயன்பட்டது. ஒவ்வொன்றிலும் பக்கம் எத்தனை, விலை என்ன, எத்தனையாம் பதிப்பு, பின்னட்டையில் வாசகரை அழைக்கும் சொற்கள் எவை என்று தாளில் கோடு போட்டு எழுதினோம். பெரியவரின் படி அச்சில் 640 பக்கம் வரும். நாம் குறித்த நூல்களுள் பல அதில் ஏறத்தாழப் பாதியே. இதைப் பெரியவரிடம் எப்படிச் சொல்வது? மூன்று நாள் தள்ளிப்போட்டு, நான்காம் நாள் மாலை சொன்னோம்.

அவர் நெடுநேரம் பேசவில்லை. பின்பு, “தம்பி, என் வாழ்க்கையில் பாதியை இறக்கிவிட்டு வண்டியை எடுக்கச் சொல்கிறீர்களா?” என்று கேட்டார். நாம் தலை குனிந்து நின்றோம். இடமாற்ற உத்தரவுகள், குலவரிசை, மேலதிகாரிகளின் பெயர்கள் இவற்றை எடுக்கலாமென்று ஒருவாறு இசைந்தார். பிரேக் வானில் உடன்வந்த நண்பர் ஒருவர் தண்டவாளத்தில் இறந்துபட்ட அத்தியாயத்தில் ஓர் எழுத்தும் குறையக் கூடாது என்றார். குறைக்கவில்லை.

அச்சமயம் கார்பெட்டின் நூலை நாம் படித்துக் காட்ட, அவருக்குப் புதிய உற்சாகம் பிறந்துவிட்டது. சாரண்டாக் காட்டில் தாம் கண்ட சிறுத்தையைப் புலியாக்கிவிடலாமா என்று கேட்டார்! ஒத்த நூல் தேடுவதில் இந்த அபாயமும் உண்டு. உறவினர் வீட்டுக்குப் போய்வந்த பிள்ளை அவ்வீட்டு நடையைக் கற்றுக்கொண்டு வருவது போல. சிறுத்தை சிறுத்தையாகவே இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டோம்.

ஆனால் பெற்ற பயன் இந்த அபாயத்தினும் பெரிது. அந்நூல்கள் அனைத்தையும் படித்தபின் பெரியவரின் படியைத் திரும்பப் படித்தோம். வேறெந்த நூலிலும் இல்லாதது எது என்று அப்பொழுதுதான் கண்ணுக்குத் தெரிந்தது. எஞ்சினில் இருவர் உண்டு; பேச்சுத் துணை உண்டு. ஐம்பது வாகன்களுக்கு அப்பால் கடைசிப் பெட்டியில் கார்டு தனியாள். நள்ளிரவில் வண்டி காட்டிடையே நின்றுவிட்டால், ஏன் நின்றது என்று தெரியாமல், கையில் விளக்கும் பக்கத்தில் லைன் பாக்ஸுமாக அவர் காத்திருக்கும் அந்தத் தனிமையை நாம் வேறெங்கும் படித்ததில்லை. அது ஐந்தாம் நோட்டுப் புத்தகத்தின் நடுவில் புதைந்து கிடந்தது. அதனை எடுத்து முதல் அத்தியாயமாக வைத்தோம்.

தலைப்பும் மாறிற்று. ‘எனது இரயில்வே வாழ்க்கையும் அனுபவங்களும்’ என்று அவர் எழுதியிருந்தார். அவ்வகைத் தலைப்புகள் எத்தனை என்பதை நூலகப் பட்டியல் நமக்குக் காட்டியது. ‘கார்டு’ என்று வைக்கலாமென்றால், 2022 ஜனவரியில் இரயில்வே நிர்வாகம் அப்பதவிப் பெயரையே ‘டிரெயின் மேனேஜர்’ என்று மாற்றிவிட்டது. முடிவில் ‘வால் விளக்கு’ என்று பெரியவரே சொன்னார். வண்டி முழுமையாக வந்து சேர்ந்தது என்பதற்கு ஸ்டேஷன் மாஸ்டர் பார்க்கும் அடையாளம் கடைசிப் பெட்டியின் அந்த விளக்குத்தான்.

இவ்வளவுக்கும் பிறகு பதிப்பாளருக்கு அரைப் பக்க மடல் ஒன்று எழுதினோம். கார்பெட்டைப் போல இரயில் உழைப்பைக் கூறும் நூல், ஆனால் ஒப்பந்தக்காரர் பார்வையில் அன்று, ஊழியர் பார்வையில், ‘கரிப்பு மணிக’ளைப் போல ஒரு தொழிலின் உள்ளிருந்து பேசுவது, ஆனால் கற்பனை அன்று, நடந்தது, ‘பதினெட்டாவது அட்சக்கோ’ட்டின் வாசகர் அறிந்த இரயில்வே குடியிருப்பு, ஆனால் வங்கத்து எல்லையில், 330 பக்கம். இவ்வாறு ஒவ்வொன்றிலும் உறவையும் வேறுபாட்டையும் சேர்த்தே சொன்னோம்.

இம்முறை ஒன்பதாம் நாள் விடை வந்தது. முதல் அத்தியாயத்தைப் படித்ததாகவும், மேற்கொண்டு பேசலாமென்றும் எழுதியிருக்கிறார். ஆனால் ஒரு குறை சொல்லியிருக்கிறார். நாம் காட்டிய நூல்கள் எல்லாம் பழையன. அண்மை ஆண்டுகளில் வந்து, உழைப்பாளி ஒருவர் தம் வாழ்வைத் தாமே எழுதிய நூல் ஒன்றாவது வேண்டும் என்கிறார். நம் வங்காளி நண்பர் ஒருவர், ரிக்‌ஷா இழுத்து வாழ்ந்த மனோரஞ்சன் பியாபாரியின் தன்வரலாற்றைக் காட்டினார். 2018-இல் ஆங்கிலத்திலும் வந்த நூல் அது. அதனைக் குறித்துக்கொண்டோம். தமிழில் அத்தகைய நூல் ஒன்று இன்னும் வேண்டும்.

அன்பர்களே, ஊருக்குச் சென்று திரும்பும்போது நீங்கள் வாங்கி வந்த நூல்கள் உங்கள் வீட்டு அலமாரிகளில் இருக்கின்றன. ஓட்டுநரோ நெசவாளரோ செவிலியரோ தம் தொழிலைப் பற்றித் தாமே எழுதியது ஏதேனும் அவற்றுள் இருந்தால் பெயரும் ஆண்டும் குறித்துத் தாருங்கள். விழா முடிந்தபின் தேநீர் வழங்கும் மேசை அருகே ஒரு நோட்டுப் புத்தகத்தோடு நிற்போம். பெரியவர் இரண்டாவது வரிசையில், விளக்கின் கீழே அமர்ந்திருக்கிறார். முதல் அத்தியாயத்தின் படி அவர் கையில் இருக்கிறது. கேட்டால் படித்துக் காட்டுவார்.