ஒரு எபிசோடுக்கு 460 கோடி: தகுமா?

(ஒலிப்பதிவின் எழுத்து வடிவம். வாசிப்பு வசதிக்காகச் சற்றே திருத்தப்பட்டது.)

இந்த வாரம் என் ரூம்மேட்டோட ஒரு கதையில இருந்து ஆரம்பிக்கிறேன்.

அவன் சென்னையில ஒரு விஎஃப்எக்ஸ் ஸ்டூடியோல ரோட்டோ ஆர்ட்டிஸ்ட். ரோட்டோன்னா என்ன? ஷாட்ல இருக்கிற ஆளோட ஓரத்தை ஒவ்வொரு ஃப்ரேமா வரைஞ்சு, அந்த உருவத்தை மட்டும் தனியா பிரிச்செடுக்கிற வேலை. பின்னாடி கோட்டையோ கடலோ வரணும்னா முதல்ல ஆளைப் பிரிச்சாகணும். ஒரு செகண்டுக்கு 24 ஃப்ரேம். காத்துல முடி பறந்துச்சுன்னா செத்தோம்.

கொஞ்ச நாள் முன்னாடி ஒரு பெரிய வெளிநாட்டு சீரீஸுக்காக மூணு வாரம், ராத்திரி பகலா, ஒரு நடிகையோட முடியைப் பிரிச்சுட்டு இருந்தான். ரிலீஸ் ஆகுற வரைக்கும் என்கிட்டகூட பேர் சொல்லல, ஒப்பந்தம் அப்படி. எபிசோட் வந்த அன்னைக்கு பிரியாணி வாங்கி வெச்சுட்டு ரெண்டு பேரும் உட்கார்ந்து பார்த்தோம். அந்த சீனே இல்ல. நடுவுல கதையை மாத்திட்டாங்களாம். "மச்சான், நான் வெட்டுன முடியெல்லாம் குப்பைக்குப் போச்சுடா"ன்னு சிரிச்சான். எனக்குச் சிரிப்பு வரல. அப்போ வந்த கேள்விதான் இன்னைக்கு எபிசோட். ஓடிடி சீரீஸுக்குக் கொட்டுற இவ்வளவு காசு நியாயமா?

முதல்ல எவ்வளவுன்னு பார்த்துடலாம். அமேசானோட 'தி ரிங்ஸ் ஆஃப் பவர்' முதல் சீசன் 2022 செப்டம்பர்ல வந்துச்சு. எட்டு எபிசோட். தயாரிப்புச் செலவு சுமார் 46.5 கோடி டாலர். அன்றைய மதிப்பில் கிட்டத்தட்ட 3,700 கோடி ரூபாய். எட்டால வகுத்தா ஒரு எபிசோடுக்கு 460 கோடி. 'பொன்னியின் செல்வன்' ரெண்டு பாகத்துக்கும் சேர்த்தே சுமார் 500 கோடின்னுதான் அப்போ செய்தி வந்துச்சு. இங்க ஒரு மணி நேர எபிசோடே அந்தக் கணக்குக்குப் பக்கத்துல வந்து நிக்குது.

இதுல உரிமை வாங்கின காசு சேரல. அது தனியா சுமார் 25 கோடி டாலர், 2017ல. அந்தக் காசுக்கு டோல்கீனோட எல்லாப் புத்தகமும் கிடைச்சுதான்னா, அதுவும் இல்ல. 'தி ஹாபிட்', 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்', அதோட பின்னிணைப்புகள், அவ்வளவுதான். இந்த சீரீஸ் நடக்கிற காலத்தைப் பத்தி விரிவாப் பேசுற 'சில்மரிலியன்' கைக்கு வரல. பின்னிணைப்புல இருக்கிற குறிப்புகளை வெச்சு சீசன் சீசனா ஓட்டணும். முதல்ல பேரை வாங்கினாங்க, அப்புறம் உட்கார்ந்து கதையைத் தேடினாங்க.

பலன்? முதல் நாளே உலகம் முழுக்க இரண்டரைக் கோடி பேர் பார்த்ததா அமேசான் சொன்னது. ஆனா அமெரிக்காவுல ஆரம்பிச்சவங்கள்ல 37 சதவீதம் பேர்தான் கடைசி வரைக்கும் போனாங்கன்னு 2023ல 'தி ஹாலிவுட் ரிப்போர்ட்டர்' எழுதுச்சு. கல்யாணத்துக்கு ஊரே வந்துச்சு, பாதிப் பந்தியில பாதிக்கும் மேலான பேர் எழுந்து போயிட்டாங்கன்னு வெச்சுக்கோங்களேன்.

இன்னொரு உதாரணம் 'சிட்டாடல்'. பிரியங்கா சோப்ரா நடிச்சது, ஆறு எபிசோட், செலவு சுமார் 30 கோடி டாலர்னு செய்திகள் சொல்லுச்சு. நடுவுல கருத்து வேறுபாடு வந்து நிறைய காட்சிகளைத் திரும்ப எடுத்ததால பட்ஜெட் எகிறிடுச்சு. முதல் எபிசோட் வெளியாகும் முன்பே இத்தாலியில ஒண்ணு, இந்தியாவுல ஒண்ணுன்னு கிளைக் கதைகளுக்கும் திட்டம் போட்டாச்சு. சமந்தா நடிச்ச 'ஹனி பன்னி' அதுல ஒண்ணு. 2025ல ரெண்டு கிளையையும் ஒரே சீசனோட நிறுத்திட்டாங்க.

இப்போ எதிர்ப்பக்கம் வாங்க. 2021ல வந்த 'ஸ்க்விட் கேம்' முதல் சீசன், ஒன்பது எபிசோட், மொத்தமே 2.14 கோடி டாலர். 'ரிங்ஸ் ஆஃப் பவர்' ஒரே எபிசோட் காசுல இந்த மாதிரி ரெண்டு சீசன் எடுத்துட்டு மிச்சமும் வெச்சிருக்கலாம்.

"அப்போ சின்ன பட்ஜெட்தான் நல்லது, அதானே சொல்ல வர்ற?"ன்னு கேட்பீங்க. இல்ல. அங்கதான் 'ஆண்டோர்' வந்து குறுக்க நிக்குது. ஸ்டார் வார்ஸ் உலகம், டிஸ்னி காசு. ரெண்டு சீசன், 24 எபிசோட், சுமார் 65 கோடி டாலர். ஃபெரிக்ஸ்ங்கிற ஊரையே இங்கிலாந்துல நிஜ செட்டா கட்டினாங்க. அந்தத் தெருவுல நடக்கிற ஒரு சவ ஊர்வலத்தைப் பார்த்தவங்க மறக்க மாட்டாங்க. ஒரு ஊர் எப்படிப் பயப்படுது, எப்படிப் பயம் விட்டுப் போகுதுன்னு சொல்ல அந்த ஊர் தேவைப்பட்டுச்சு. 2025ல எழுத்துக்காக எம்மி விருதே வாங்குச்சு. அந்தக் காசை நான் குறை சொல்ல மாட்டேன்.

அதனால என்னோட அளவுகோல் இதுதான். பணம் கதைக்கு முன்னாடி வந்துச்சா, பின்னாடி வந்துச்சா? கதை கேட்டுப் பணம் வந்தா 65 கோடி டாலரும் தகும். பணத்தை ஒதுக்கிட்டுக் கதையைத் தேடினா, என் ரூம்மேட் பிரிச்ச முடி மாதிரி குப்பைக்குப் போகும்.

சரி, கம்பெனி காசு, கம்பெனி நஷ்டம், நமக்கென்னன்னு விடலாமா? சினிமா சரியில்லன்னா வெள்ளிக்கிழமை சாயந்திரமே தியேட்டர் காலி ஆகும், தயாரிப்பாளருக்குப் புரிஞ்சிடும். ஓடிடியில டிக்கெட் கிடையாது. பிடிச்ச சீரீஸுக்கும் பிடிக்காததுக்கும் நாம ஒரே சந்தாதான் கட்டுறோம். அந்தச் சந்தா ஏறும், இல்லன்னா விளம்பரம் வரும். 2025 ஜூன்ல இருந்து இந்தியாவுல பிரைம் வீடியோலயும் விளம்பரம் வந்துடுச்சு. வேண்டாம்னா மேல காசு கட்டணும்.

அதைவிடப் பெரிய விலை, காத்திருப்பு. 'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' நாலாவது சீசன் ஒரு எபிசோடுக்கு 3 கோடி டாலர்னு செய்தி வந்துச்சு. அது 2022ல. அடுத்த சீசன் 2025 நவம்பர்ல. ஹாலிவுட் வேலைநிறுத்தமும் ஒரு காரணம்தான். ஆனாலும் 2016ல சைக்கிள் ஓட்டின பசங்க வளர்ந்து, அதுல ஒருத்தருக்குக் கல்யாணமே ஆயிடுச்சு, கதையில அப்பவும் ஸ்கூல் போயிட்டிருந்தாங்க.

இதுக்கு நேர்மாறா 'தி பிட்'னு ஒரு ஆஸ்பத்திரி சீரீஸ். ஒரே எமர்ஜென்சி வார்டு, 15 மணி நேர ஷிஃப்ட், மணிக்கு ஒண்ணுன்னு 15 எபிசோட். ஒவ்வொண்ணுக்கும் 40ல இருந்து 50 லட்சம் டாலர்தான். முழு சீசனும் 'ரிங்ஸ் ஆஃப் பவர்' ஒண்ணேகால் எபிசோட் விலை. 2025ல சிறந்த டிராமாவுக்கான எம்மி இதுக்குத்தான் கிடைச்சுது, அடுத்த சீசன் 2026 ஜனவரியிலேயே வந்துடுச்சு. இந்த மாதிரி நடுத்தர பட்ஜெட் சீரீஸ்தான் பெரிய யானைகளுக்கு நடுவுல மிதிபட்டுப் போகுது.

இதையெல்லாம் ரூம்மேட்கிட்ட ஆவேசமா சொன்னேன். அவன் நிதானமா, "டேய், அந்தக் காசுலதான்டா நம்ம வீட்டு வாடகை போகுது"ன்னான். நியாயம்தான். 2025 பிப்ரவரியில டெக்னிகலர் குழுமம் சரிஞ்சப்போ பெங்களூரு, மும்பை ஆபீஸ்கள்ல ஆயிரக்கணக்கானவங்க வேலையை இழந்தாங்க. கடனும் இருந்துச்சு, 2023 வேலைநிறுத்தத்துக்கு அப்புறம் ஆர்டரும் குறைஞ்சிருந்துச்சு. எங்கயோ ஒரு ஊர்ல கேமரா நின்னா இங்க ஒருத்தனோட சம்பளம் நிக்குது.

யோசிச்சுப் பார்த்தா, அவன் சொன்னதே என் கட்சிக்குத்தான் வலு சேர்க்குது. ஒரே யானையை நம்பி ஒரு ஸ்டூடியோ இருந்தா, யானை சாயும்போது எல்லாரும் சேர்ந்து சாயணும். அதே காசு பத்து நடுத்தர சீரீஸா பிரிஞ்சா, ஒண்ணு நின்னாலும் ஒன்பது ஓடும். இதைச் சொன்னதும் அவன் கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், "சம்பளம் வந்துடுச்சு மச்சான், அது பிரச்சினை இல்ல. ஆனா அந்த முடியை யாராவது ஒருத்தராவது பார்த்திருக்கலாம்"ன்னான்.

நாம செய்யக்கூடியது ரொம்பச் சின்னது. முதல் எபிசோடோட நிறுத்துறோமா, கடைசி வரைக்கும் போறோமான்னு அவங்க கணக்கு வெச்சிருக்காங்க. நம்ம கையில இருக்கிற ஓட்டு அது ஒண்ணுதான். இந்த வாரம் விளம்பரமே இல்லாம வந்த ஒரு சின்ன சீரீஸை எடுத்து முழுசா முடிங்க. எதைப் பார்த்தீங்கன்னு எனக்கும் எழுதுங்க. கடைசியில பேர்கள் ஓடும்போது 'ஸ்கிப்' பட்டனை மட்டும் அமுக்காதீங்க. ரோட்டோ ஆர்ட்டிஸ்ட் பேர் ரொம்பக் கீழதான் வரும்.

அடுத்த வாரம் பார்ப்போம்.