அறுபது நாள் அவகாசம்

கதியால் ஒரு முழம் தள்ளி நடப்பட்டது என்பதற்காக மல்லாகம் நீதிமன்றப் படிகளில் தலைமுறை கடந்தும் ஏறி இறங்கத் தயங்காத நாம், நம் தோட்டக் காணி முழுவதையுமே வர்த்தக வலயமாக்கக்கூடிய அபிவிருத்தித் திட்ட வரைபடமொன்று பார்வைக்கு விரிக்கப்பட்டிருக்கும்போது அந்தப் பக்கம் எட்டியும் பார்ப்பதில்லை என்பது விசித்திரமே.

1978 ஆம் ஆண்டின் 41 ஆம் இலக்க நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டம், 1982 இல் திருத்தப்பட்டபடி, அபிவிருத்தித் திட்ட வரைவைப் பொதுமக்கள் பார்வையிட்டுத் தம் ஆட்சேபனைகளை எழுத்து மூலம் சமர்ப்பிப்பதற்கு 60 நாள் அவகாசம் அளிக்கிறது; பின்னர் அமைச்சரின் அங்கீகாரம் பெற்று வர்த்தமானியில் பிரசுரமாகிவிட்டால், எவ்விடத்தில் எது கட்டலாம் என்பதற்கு அதுவே பிரமாணம்.

வற்றாத நதி ஒன்றும் இல்லாத, வழுக்கையாறும் மாரியில் மட்டுமே ஓடுகின்ற யாழ்ப்பாணக் குடாநாட்டில் இது கட்டட விஷயம் மட்டுமன்று. சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளினூடே இறங்கும் மாரிமழையே, கீழுள்ள உவர்நீரின் மீது மிதக்கும் நன்னீராகி நம் கிணறுகளை ஊறச் செய்வதால், குளமொன்றைத் தூர்த்துக் கடைத்தொகுதி எழுப்ப இடமளிக்கும், வரைபடத்தின் சிறு வர்ணப்பூச்சு அயற்கிராமத்தின் குடிநீரையும் பாதிக்க வல்லது. நெருக்கமாகும் மலகூடக் குழிகளின் கசிவும் அதே வெடிப்புகளின் வழியே அதே நீரைத்தான் சென்றடையும்.

ஆதலால் ஆட்சேபனை எழுதுவோர், ஆவேசத்தைக் குறைத்து, காணியின் இலக்கம், வெள்ளம் வடியும் திசை, அயற்கிணறுகள் ஆகியவற்றைக் குறித்துக் கையொப்பமிட்டு, பிரதியொன்றைத் தம் வசம் வைத்திருப்பது உசிதம். தமிழிலேயே எழுதலாம், அதுவும் அரசகரும மொழிதான். சூழல் தாக்க மதிப்பீடு தேவைப்படும் பெருந்திட்டங்களுக்கோ, 1988 இல் திருத்தப்பட்ட தேசிய சுற்றாடல் சட்டத்தின்படி அவகாசம் 30 நாளே. பொதுநலன் கருதி, கருத்துரைத்தவரை நேரில் விசாரிக்கும் ஏற்பாடும் அதில் உண்டு.