நாடகம் என்று தெரிந்தும்



ஹிந்தியில் ஒரு வாக்கியத்தையும் முழுமையாக அறியாத இரண்டு ஊர்கள், ஒரு ஹிந்தி நாடகத்தைப் பார்த்து, ஒன்றரை வருஷ காலம் ஞாயிற்றுக்கிழமைதோறும் கண்கலங்கியதைப் பற்றி இன்று சிறிது பேசலாம் என்று எண்ணுகிறேன். ஊர்கள், ஸ்ரீவில்லிபுத்தூரும் அதிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில் மலையடிவாரத்தை ஒட்டி இருக்கும் இராஜபாளையமும். நாடகம், ராமானந்த சாகர் எடுத்து, 1987-ஆம் ஆண்டு ஜனவரி 25-ஆம் தேதி தொடங்கி 1988-ஆம் ஆண்டு ஜூலை 31-ஆம் தேதி வரையில், காலை ஒன்பதரை மணிக்குத் தூர்தர்ஷன் ஒளிபரப்பிய இராமாயணம். 52 வாரங்களில் முடித்துவிடலாம் என்றுதான் முதலில் உத்தேசித்திருந்தார்கள். பார்க்கிற ஜனங்கள் விடவில்லை. 78 பகுதிகள் வரையில் அது வளர்ந்தது.

அந்நாளில் தொலைக்காட்சிப் பெட்டி தெருவுக்கு ஒன்றோ இரண்டோதான் இருக்கும். மொட்டை மாடியில் ஒரு பையன் ஆன்டெனாவைத் திருப்பிக்கொண்டே "தெரியுதா, தெரியுதா" என்று கேட்க, கீழே கூடத்திலிருந்து பத்துக் குரல்கள் ஏககாலத்தில் பதில் சொல்லும். பஞ்சாலையில் இரவு ஷிப்டு முடிந்து வந்தவர்கள் தூக்கத்தை ஒத்திவைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்திருப்பார்கள். பெண்கள் தலைக்குக் குளித்து, ஈரக் கூந்தலை நுனி முடிந்து, முன்வரிசையில் தரையில் அமர்ந்திருப்பார்கள். வடநாட்டில் பெட்டிக்கு மாலை சூட்டினார்கள், கற்பூரம் காட்டினார்கள் என்று பத்திரிகைகள் எழுதின. எங்கள் பக்கத்தில் அவ்வளவு ஆரவாரம் இருந்ததாக நினைவில்லை. ஆனால் செருப்பை வாசலில் விட்டுவிட்டுத்தான் அந்தக் கூடத்துக்குள் நுழைந்தார்கள். மற்ற நாட்களில் அதே கூடத்தில் அதே பெட்டியில் 'ஒலியும் ஒளியும்' என்ற சினிமாப் பாட்டு நிகழ்ச்சியைப் பார்த்தபோது அந்த நியமம் இருந்ததில்லை. ஹிந்திப் பிரசார சபையின் பரீட்சை எழுதிய பெண் யாராவது கூட்டத்தில் இருந்தால், முதல் இரண்டொரு வாரங்கள் அவளிடம் அர்த்தம் கேட்டார்கள். அதன் பிறகு அவள் தானாகவே சொல்ல வந்தபோது, கதை எங்களுக்குத் தெரியாதா, சும்மா இரு என்று அடக்கிவிட்டார்கள்.

படித்தவர்களில் பலர் இந்தத் தொடரைப் பரிகாசம் செய்தார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். நடை மந்தமாக இருக்கிறது, அட்டைக் கிரீடங்களும் காலண்டர்ப் படங்களும் உயிர் பெற்றதைப் போலிருக்கிறது, ஒருவர் பேசினால் அங்கிருக்கிற ஒன்பது பேரின் முகத்தையும் தனித்தனியே காட்டிய பிறகுதான் அடுத்தவர் பேசுகிறார் என்றெல்லாம் குறை கூறினார்கள். அந்தக் குறைகள் யாவும் மெய்தான். கலை என்ற அளவுகோலை வைத்துப் பார்த்தால் நானும் அதற்கு உயர்ந்த ஸ்தானம் கொடுக்கமாட்டேன். எனினும் அந்தப் பரிகாசத்தோடு இன்னொன்றும் ஒட்டிக்கொண்டு வந்தது: இந்தப் பாமர ஜனங்கள் வேஷத்தை மெய்யென்று நம்பிவிட்டார்கள், அதனால்தான் அழுகிறார்கள் என்ற தீர்ப்பு. அந்தத் தீர்ப்பை மட்டும் நான் ஒப்புக்கொள்வதற்கில்லை.

தசரத சக்கரவர்த்தி உயிர் துறக்கும் பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். தசரதனாக பால் துரி என்பவரும், கோசலையாக ஜயஸ்ரீ கட்கரும் நடித்தார்கள். மெய்வாழ்விலும் அவர்கள் தம்பதிகள். புத்திர சோகத்தால் ஒரு கிழவன் கொஞ்சம் கொஞ்சமாக அணைந்துபோவதை, சாகர் அவசரப்படுத்தாமல், மந்தமென்று பிறர் சொன்ன அதே நடையில் காட்டினார். கூடத்தில் இருந்த பெண்களில் பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் இருந்தார்கள். அவர்கள் அழுவதை மற்றவர்கள் பாராததுபோல இருந்தார்கள். இவர்கள் அத்தனை பேருக்கும் அந்தக் காட்சி வரப்போகிறது என்று தெரியும். சிறுபிராயம் முதல் தெரியும். பின்னால் பட்டாபிஷேகம் உண்டு என்பதும் தெரியும். பகவான்தான் இப்படி மனுஷ அவதாரம் எடுத்து நடிக்கிறார் என்பது அவர்களுடைய திடமான விசுவாசம். இத்தனையும் தெரிந்திருந்தும் ஏன் அழுதார்கள் என்பதே கேள்வி. தெரிந்திருந்ததனால்தான் அழ முடிந்தது என்பதே என் அபிப்பிராயம்.

கதை கேட்டவர்கள் நிலைதடுமாறியது நம்முடைய நாட்டில் நேற்று ஏற்பட்ட வழக்கம் அல்லவே. குலசேகர ஆழ்வாரைப் பற்றிக் குருபரம்பரைக் கதைகள் சொல்லுவதை வைஷ்ணவர்கள் அறிவார்கள். இராமாயண உபந்நியாசம் கேட்டுக்கொண்டிருந்த அரசர், கரனுடைய பதினாலாயிரம் அரக்கரின் எதிரே இராமன் தனியே நின்றான் என்று பௌராணிகர் சொன்ன மாத்திரத்தில், துணைக்குப் புறப்படும்படி தம் சேனைக்கு உத்தரவிட்டாராம். சீதையை இராவணன் கொண்டுபோன கட்டத்தில் இலங்கையை நோக்கித் தாமே கடலில் இறங்கிவிட்டாராம். இதைக் கேட்டுச் சிரிக்கிறவர்கள், அவரே எழுதிய பெருமாள் திருமொழியைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கவேண்டும். அதில் 105 பாசுரங்கள். அவற்றில் ஒரு பதிகம் முழுவதும் இராமனைக் காட்டுக்கு அனுப்பிய தசரதனின் புலம்பல். இன்னொரு பதிகம், பெற்ற கண்ணனின் மழலையையும் விளையாட்டையும் கண்ணால் காணக் கொடுத்துவைக்காத தேவகியின் புலம்பல். பகவானிடத்தில் அத்தனை பக்தியுடைய ஒருவர், அவனுடைய மகிமையைப் பாடியதோடு நில்லாமல், அவனை இழந்தவர்களின் நெஞ்சுக்குள்ளே புகுந்து பாடியிருக்கிறார். விசுவாசம் துக்கத்தைத் துடைத்துவிடும் என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். அவர் கண்ட விசுவாசம் துக்கத்தை உட்கார வைத்துப் பேசவிடுகிறது.

ஸ்ரீவில்லிபுத்தூரில் இதற்கு ஊரே சாட்சி. துளசி வனத்தில் கண்டெடுத்த குழந்தையான ஆண்டாளை வளர்த்த பெரியாழ்வார், அவளை அரங்கனுக்குக் கொடுத்தார். அதைவிடப் பெரிய சம்பந்தம் ஒரு தகப்பனுக்கு வாய்க்க முடியாது. ஆயினும் அவருடைய திருமொழியில், மகள் கண்ணனோடு போய்விட்டாள், வீடு வெறிச்சோடிக் கிடக்கிறது, போன இடத்தில் அவளை எப்படி நடத்துகிறார்களோ என்று ஒரு தாயின் பாவனையில் ஏங்குகிற பாசுரங்கள் இருக்கின்றன. அவற்றை ஆண்டாளைப் பிரிந்த தகப்பனின் துயரமாகவே கொண்டு உருகுகிறவர்கள் பலர். போனது பரமபதத்துக்கே என்றாலும் போனது போனதுதானே! ஆகையினால்தான், மார்கழியில் பகல் பத்து தொடங்குகிற அன்று ஆண்டாள் ரெங்கமன்னாரோடு தன் பிறந்த வீட்டுக்கு, அதாவது பெரியாழ்வார் வம்சத்தார் திருமாளிகைக்கு, எழுந்தருளுகிறாள். கத்தரியும் பூசணியும் கிழங்குகளும் கரும்புமாகக் காய்கறிகளைக் கும்பல் கும்பலாகப் பரப்பி வைத்து மகளை வரவேற்கிறார்கள். பச்சை பரப்புதல் என்று அதற்குப் பெயர். மணமாகிப் போன பெண் தாய்வீட்டுக்கு வருகிற நாளில் சந்தைக்குப் போய்ப் பை நிறைய வாங்கி வருகிற எந்தத் தகப்பனும், அந்தக் காய்கறிக் குவியலுக்கு வியாக்கியானம் கேட்கமாட்டான். அங்கே வந்து நிற்கிற ஜனங்களுக்கு, எழுந்தருளியிருப்பது விக்கிரகம் என்பதும் தெரியும், மகள் என்பதும் தெரியும்.

அந்தக் கோயிலில் அரையர் சேவை இன்றும் நடக்கிறது. திரையில்லை, காட்சி ஜோடனையில்லை. கூம்பிய குல்லாய் அணிந்து கைத்தாளம் ஏந்திய ஒருவர், பாசுரத்தை இசையோடு சொல்லி, அபிநயம் பிடித்து, தாயாகவும் மகளாகவும் குறிசொல்லும் கட்டுவிச்சியாகவும் மாறி மாறி நிற்கிறார். இராஜபாளையமும் கலையைக் கண்டு பழகும் இந்தப் பயிற்சியில் பின்தங்கியதல்ல. 1949 முதல் 1952 வரை சென்னை மாகாணத்தின் முதலமைச்சராக இருந்த பி.எஸ். குமாரசாமி ராஜா, தம் வீட்டையே கொடுத்துக் காந்தி கலை மன்றமாக்கிய ஊர் அது. இப்படிக் கண்ணும் காதும் பழகிய ஜனங்களுக்கு அட்டைக் கிரீடம் ஒரு தடையாகுமா? குல்லாய் அணிந்த அரையரில் தாயைக் கண்டவர்கள், அட்டைக் கிரீடம் அணிந்த நடிகரில் தசரதனைக் கண்டார்கள். இரண்டிடத்திலும் ஏமாந்தவர்கள் ஒருவரும் இல்லை.

நாடகம் என்று தெரிந்தும் அழுகிற இந்த ரகசியத்தைச் சம்ஸ்கிருதக் கவிகளில் பவபூதி அறிந்த அளவுக்கு வேறொருவர் அறிந்ததாக எனக்குத் தோன்றவில்லை. எட்டாம் நூற்றாண்டில் அவர் எழுதிய உத்தர ராம சரிதத்தின் முதல் அங்கத்தில், தங்கள் பூர்வ சரித்திரத்தைத் தீட்டிய சித்திரங்களை இராமனும் சீதையும் லக்ஷ்மணனும் பார்த்துக்கொண்டு வருகிறார்கள். அது கடந்துபோன துன்பம்; கர்ப்பிணியான சீதை இப்போது அயோத்தி அரண்மனையில் பத்திரமாக இருக்கிறாள்; அப்படியிருந்தும் படத்தில் பிரிவைக் கண்டவுடன் நடுங்குகிறாள்; இது சித்திரம்தானே என்று தேற்றவேண்டியிருக்கிறது. கடைசி அங்கம் இன்னும் அதிசயமானது. வால்மீகி இயற்றிய ஒரு நாடகத்தை அப்சரஸ் ஸ்திரீகள் நடிக்க, இராமன் சபையில் அமர்ந்து பார்க்கிறான். காட்டில் கைவிடப்பட்ட சீதையின் அவஸ்தை மேடையில் வந்ததும், எழுந்து கூப்பிட்டுவிடுகிறான். அண்ணா, இது நாடகம் என்று லக்ஷ்மணன் நினைவூட்டுகிறான். அவதார புருஷனே நாடகம் பார்த்து நிலைதடுமாறினான் என்று ஒரு மகாகவி எழுதியிருக்கும்போது, எங்கள் பக்கத்து முகவூர்ச் சாலையில் கடை வைத்திருக்கும் ஒருவர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டதற்கு நாம் ஏன் வெட்கப்படவேண்டும்?

தொடர் நடந்துகொண்டிருந்த அந்தக் காலத்திலேயே, 1987 டிசம்பர் 24 அன்று எம்.ஜி.ஆர். காலமானார், 1977-இல் எங்கள் பக்கத்து அருப்புக்கோட்டையிலிருந்து சட்டசபைக்குப் போனவர். திரையில் மட்டுமே கண்ட ஒருவருக்காக வீடு வீடாக அழுதார்கள். அந்த அழுகைக்கும் ஞாயிற்றுக்கிழமை அழுகைக்கும் பேதம் உண்டு: அதற்குப் பட்டாபிஷேகம் என்ற மறுகரை தெரியவில்லை. தெருவே தத்தளித்தது.

பிறகு நெடுங்காலம் கழித்து, 2020-ஆம் ஆண்டு மார்ச் 28-ஆம் தேதி, ஊரடங்கின் நடுவே, அதே இராமாயணத்தைத் தூர்தர்ஷன் மறுபடியும் ஒளிபரப்பத் தொடங்கியது. ஏப்ரல் 16-ஆம் தேதி ஒரே நாளில் 7.7 கோடிப் பேர் பார்த்ததாகத் தூர்தர்ஷன் அறிவித்தது. கோயில்கள் அடைத்திருந்தன, சாவுக்கு இருபது பேருக்குமேல் கூடக்கூடாது என்று உத்தரவு இருந்தது. ஒப்பாரி வைக்க உறவு வரமுடியாத வீடுகளில், தசரதன் பழையபடி மெதுவாக இறந்தான். மந்தமான நடை என்று முப்பத்து மூன்று வருஷங்களுக்கு முன் எழுதியவர்கள், அப்போது என்ன எழுதியிருப்பார்கள் என்று நான் யோசித்ததுண்டு. அந்த நாட்களில்தான், இராவணனாக நடித்த அரவிந்த் திரிவேதி, வயோதிகத்தில் தம் வீட்டில் அமர்ந்து, தாம் சீதையைக் கவர்ந்து செல்லும் காட்சியைத் தாமே பார்த்துக் கைகூப்பியதை நாடே படக்காட்சியில் கண்டது. வேஷத்தை வேஷமென்று அவரைவிட நன்றாக அறிந்தவர் யார்?

இனி, ஜனங்களின் கண்ணீர் சும்மா வடிந்து போய்விடவில்லை என்பதற்கு ஒரு சம்பவம். 1988-இல் பட்டாபிஷேகத்தோடு தொடர் முடியப்போகிறது என்று தெரிந்ததும், ஜலந்தரிலும் வடநாட்டின் வேறு நகரங்களிலும், வால்மீகியைத் தம் குலகுருவாகக் கொண்டாடும் துப்புரவுத் தொழிலாளர்கள் வேலை நிறுத்தம் செய்தார்கள். சீதை காட்டுக்குப் போனதையும், வால்மீகியின் ஆசிரமத்தில் லவனும் குசனும் வளர்ந்ததையும் காட்டாமல் விடலாகாது என்பது அவர்களுடைய கோரிக்கை. மகிழ்ச்சியில் முடிந்த கதையை, அதற்குப் பின்னால் உள்ள துக்கத்தையும் சேர்த்துக் காட்டு என்று கேட்டுப் போராடிய ரசிகர்களை உலகத்தில் வேறெங்கே காண்பது! அரசாங்கம் இணங்கியது, அவ்வருஷத்தின் பிற்பகுதியில் சாகரின் உத்தர ராமாயணம் தொடங்கியது.

அது எங்கள் ஊர்களுக்கு ஒரு சோதனையாகவே வந்தது. தமிழ்நாடு கம்பனில் வளர்ந்த நாடு. கம்பன் பட்டாபிஷேகத்தோடு எழுத்தாணியைக் கீழே வைத்துவிட்டான். உத்தர காண்டத்தை ஒட்டக்கூத்தர் பாடினார் என்பது வழக்கு. கேள்விப்பட்டிருந்தும் கண்ணெதிரே பாராத துக்கம் அது. பவபூதி கடைசியில் இரக்கப்பட்டுச் சீதையை இராமனோடு சேர்த்துவிட்டார். சாகர் அந்தச் சலுகையைத் தரவில்லை. கர்ப்பிணியை ரதத்திலேற்றிக் காட்டில் விட்டுவிட்டு லக்ஷ்மணன் திரும்பிய வாரத்தில், கூடத்தில் அழுகையோடு கோபமும் எழுந்தது. ஏகாதசி தவறாத பெண்கள், சனிக்கிழமைதோறும் பெருமாள் சேவிக்கிறவர்கள், இராமனை வாய்விட்டு ஏசினார்கள். ஒருத்தி சொல்ல மற்றொருத்தி எடுத்துக் கொடுத்தாள். ஆண்கள் மௌனமாக இருந்தார்கள், சிலர் பீடி குடிக்க வெளியே போனார்கள். மறுநாள் சாயங்காலம் பஜனை மடத்தில் ராம நாமத்தை முன்னின்று சொன்னவர்களும் அந்தப் பெண்களே. ஏசியதற்குப் பிராயச்சித்தமாகச் சொன்னதாகவும் எனக்குத் தோன்றவில்லை. அடுத்த வாரம் முன்வரிசையில் இடம் பிடிக்க வெகு முன்னதாகவே வந்துவிட்டார்கள்.