ஒரு வயிற்றுப் பிள்ளைகள் பொருந்தாமல் போவார்களா?

(நாமக்கல் மாவட்ட அறிவியல் ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சியில் ஆற்றிய உரை)



பத்தாம் வகுப்பில் மரபியல் பாடத்தைப் பல ஆண்டுகளாக நடத்தி வருகிறேன். பட்டாணிச் செடி, நெட்டை, குட்டை, 3:1. மாணவர்கள் கட்டம் போடுவார்கள், மதிப்பெண்ணும் வாங்கிவிடுவார்கள். அந்தக் கட்டத்தை நம்பி ஒரு குடும்பத்தின் நிம்மதியே இருக்கக்கூடும் என்பதை எனக்குக் கற்றுக்கொடுத்தவள் ஒரு மாணவி.

இராசிபுரம் பக்கத்துப் பிள்ளை. அப்பா விசைத்தறி ஓட்டுகிறார். அண்ணனுக்குச் சிறுநீரகங்கள் செயலிழந்து, டயாலிசிஸுக்காகச் சேலத்துக்கு அலைந்துகொண்டிருந்தார்கள். திருமணமான அக்கா தன் சிறுநீரகம் ஒன்றைத் தர முன்வந்தார். இரத்த வகை ஒத்துப்போனது. ஆனால் திசு வகை துளியும் பொருந்தவில்லை. செய்தி ஊருக்குள் பரவியது. “ஒரு வகுத்துல பொறந்ததுங்கன்னா ஒட்டாமப் போகுமா?” என்று திண்ணைகளில் பேச்சு. ஒரு நாள் மதிய இடைவேளையில் அவள் என்னிடம் வந்து கேட்டாள்: “சார், அப்படின்னா எங்க அண்ணன் எங்கம்மா பெத்த புள்ளை இல்லீங்களா?”

“அப்படியெல்லாம் இல்லம்மா, போய்ச் சாப்பிடு” என்று அனுப்பிவிட்டேன். உண்மையில் காரணம் எனக்குத் தெரியவில்லை. அன்றிரவு தேடிப் படித்தபோது, விடை சுண்டெலிகளிடம் இருந்தது.

அந்தக் கதை நம்மைப் போன்ற ஓர் ஆசிரியரிடமிருந்து தொடங்குகிறது. அமெரிக்காவில் பள்ளி ஆசிரியராக இருந்த அபி லாத்ராப் என்ற பெண்மணி, 1900ஆம் ஆண்டையொட்டி கிரான்பி என்ற சிற்றூரில் கோழிப்பண்ணை வைத்தார். நாமக்கல்லில் இருக்கும் நமக்கு அந்தத் தொழிலின் ஏற்ற இறக்கம் தெரியும். அவருக்கு அது கைகொடுக்கவில்லை. பிறகு செல்லப்பிராணியாக விற்பதற்குச் சுண்டெலி வளர்த்தார். ஆய்வுக்கூடங்களும் வாங்கத் தொடங்கின. எந்த எலிக்கு எது பிறந்தது என்று குறிப்பேடுகளில் எழுதிவைத்தார். இன்று உலகெங்கும் ஆய்வுகளில் பயன்படும் சி57 என்ற கறுப்புச் சுண்டெலி வகை, அவர் பண்ணையின் 57ஆம் எண் பெண் எலியின் வழி வந்ததுதான்.

கிளாரன்ஸ் குக் லிட்டில் என்ற ஆய்வாளர் 1909இல் சுண்டெலிகளில் உடன்பிறந்தவற்றையே தலைமுறை தலைமுறையாக இணைசேர்க்கத் தொடங்கினார். இப்படி 20 தலைமுறை கடந்தால் அந்த வகையின் எலிகள் ஏறக்குறைய ஒரே மரபணுக்களைக் கொண்டிருக்கும். ஒன்றின் திசுவை இன்னொன்றில் ஒட்டினால் பொதுவாகப் பிடித்துக்கொள்ளும். வேறு வகையின் திசுவை ஒட்டினால் உடல் அதை அழித்துவிடும். ஆக, ஏற்பதும் மறுப்பதும் மரபணுக்களின் வேலை.

எந்த மரபணு? இலண்டனில் பீட்டர் கோரர், 1930களின் நடுவில், சுண்டெலியின் இரத்தச் செல்களில் சில ஆன்டிஜென்களைக் கண்டார். அவற்றில் இரண்டாம் எண் ஆன்டிஜென் ஒத்திருக்கிறதா என்பதைப் பொறுத்து, ஒட்டிய புற்றுக்கட்டி வளர்ந்தது அல்லது அழிந்தது. அமெரிக்காவின் ஜாக்சன் ஆய்வகத்தில் ஜார்ஜ் ஸ்னெல் வேறு வழியில் தேடினார். வால் வளைந்து பிறக்கும் ஒரு சுண்டெலி வகை உண்டு. வளைந்த வாலுக்கான மரபணுவை ஒட்டியே, திசுவை ஏற்க மறுக்கும் மரபணுவும் குரோமோசோமில் அமர்ந்திருந்தது. 1948இல் கோரரும் ஸ்னெல்லும் லைமன் என்பவரோடு சேர்ந்து வெளியிட்ட ஆய்வு, இருவரும் தேடியது ஒன்றையே என்று காட்டியது. அதற்கு எச்-2 என்று பெயர். பிணைப்பு என்று நாம் நடத்துகிறோமே, அதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைத்ததில்லை.

மனிதரில் இதற்கு இணையானது எச்.எல்.ஏ. இதில் முதல் ஆன்டிஜெனை 1958இல் கண்டறிந்தவர் பிரான்சின் ழான் டோசே. அவரும் ஸ்னெல்லும் பெனாசெராஃபும் 1980இல் நோபல் பரிசு பெற்றனர். கோரர் 1961லேயே காலமாகிவிட்டார்.

இனி அந்த மாணவியின் கேள்விக்கு வருவோம். எச்.எல்.ஏ. மரபணுக்கள் 6ஆம் குரோமோசோமில் நெருக்கமாக இருப்பதால், பெரும்பாலும் ஒரு சாவிக்கொத்துபோலச் சேர்ந்தே பிள்ளைக்குப் போகின்றன. அப்பாவிடம் இரண்டு கொத்து, அம்மாவிடம் இரண்டு கொத்து. பிள்ளைக்கு ஒவ்வொருவரிடமிருந்தும் ஒன்று. இங்கே ஓங்கு, ஒடுங்கு கிடையாது. ஏபி இரத்த வகையைப்போல இரண்டுமே வெளிப்படும்.

இதைக் கண்ணாடி வளையல் கொண்டு காட்டலாம். அப்பாவின் பைக்குள் சிவப்பும் மஞ்சளும். அம்மாவின் பைக்குள் நீலமும் பச்சையும். ஒரு மாணவர் கண்ணை மூடி, பைக்கு ஒன்று எடுக்கட்டும். நிறத்தை எழுதிவிட்டுத் திரும்பப் போடட்டும். அடுத்தவர் எடுக்கட்டும். இருவரும் அண்ணன் தங்கை. இரண்டு நிறமும் ஒத்தால் முழுப் பொருத்தம், வாய்ப்பு 4இல் 1. ஒன்று மட்டும் ஒத்தால் பாதி, 4இல் 2. எதுவுமே ஒக்காததற்கும் 4இல் 1. ஒரே அப்பா, ஒரே அம்மா, ஆனாலும் துளியும் பொருத்தமில்லை! வகுப்பில் 20 இணைகள் எடுத்தால் சரியாக 5, 10, 5 என்று வராது. பல வகுப்புகளின் எண்ணிக்கையைக் கூட்டிப் பார்த்தால் நெருங்கி வரும்.

“நான்கு பேர் உடன்பிறந்திருந்தால் ஒருவர் கட்டாயம் பொருந்துவார்” என்று மாணவர்கள் சொல்வார்கள். கணித ஆசிரியரை அழைத்துக்கொள்ளுங்கள். நால்வரில் ஒருவர்கூட முழுமையாகப் பொருந்தாமல் போக வாய்ப்பு 256இல் 81, ஏறத்தாழ 32 விழுக்காடு.

இவ்வளவு வேறுபாடு எதற்கு என்றும் கேட்பார்கள். நம் பண்ணைகளையே காட்டலாம். குஞ்சு பொரித்த முதல் நாளிலேயே மாரெக் நோய்க்குத் தடுப்பூசி போடுவதை நம் பிள்ளைகள் சிலர் பார்த்திருப்பார்கள். கோழியில் இந்த மரபணுத் தொகுதிக்கு ‘பி’ என்று பெயர். அதில் பி21 வகை பெற்ற கோழிகள் மாரெக் நோயை நன்றாகத் தாங்குகின்றன, வேறு சில வகைகள் எளிதில் மடிகின்றன. எல்லாரும் ஒன்றுபோல் இருந்தால் ஒரே கிருமி எல்லாரையும் சாய்த்துவிடும். வேறுபாடுதான் காப்பு.

ஓர் எச்சரிக்கை. வீட்டில் உள்ளவர்களின் இரத்த வகையைக் கேட்டு வகுப்பில் அட்டவணை போடாதீர்கள். தத்துப் பிள்ளைகள் இருப்பார்கள், பிள்ளைக்கே தெரியாத செய்திகளும் இருக்கும். வளையல்கள் போதும்.

மறுநாள் அந்த மாணவியை அழைத்து, முதலில் “நேத்து எனக்குப் பதில் தெரியலம்மா” என்றேன். பிறகு வளையல்களை எடுத்துக் காட்டினேன். மூன்றாவது முறையே நான்கு நிறமும் வேறாக வந்தது. அவள் அந்த நான்கு வளையல்களையும் கேட்டு வாங்கிப் போனாள். பெற்றவர்க்கும் பிள்ளைக்கும் பாதி பொருத்தம் உறுதி என்பதையும் சொல்லி அனுப்பினேன். பாதிப் பொருத்தம் இருந்தாலும், எதிர்ப்பை அடக்கும் மருந்துகளின் துணையோடு சிறுநீரகம் மாற்றுகிறார்கள். பரிசோதனைகளுக்குப் பிறகு, முடிவில் அம்மாவே கொடுத்தார்.

“சார், அந்தக் கட்டத்தைத் திண்ணையிலயே சாக்பீஸால போட்டுக் காட்டினேனுங்க” என்று பிறகு ஒரு நாள் சொன்னாள். அந்த ஆண்டு அவள் வாங்கிய மதிப்பெண் எனக்கு நினைவில்லை. கட்டத்தை அவள் எங்கே போட்டாள் என்பது மறக்கவில்லை.