எலக்ட்ரானுக்கு வலை விரிக்கும் கணினி

குவாண்டம் கணினி என்றதும் அதன் வேகத்தைத்தான் எல்லோரும் பேசுகிறோம். அதை வேலைக்குத் தயார் செய்ய ஆகும் சிரமம் வெளியே தெரிவதில்லை.

1998-ல் டேனியல் லாஸ், டேவிட் டிவின்சென்சோ என்ற இரு இயற்பியலாளர்கள் குவாண்டம் கணினியை உருவாக்க ஒரு யோசனை சொன்னார்கள். குறைக்கடத்திச் சில்லுக்குள் ஒற்றை எலக்ட்ரானை அடைத்துவைத்து, அதன் தற்சுழற்சியில் தகவலைப் பதிக்கலாம் என்றார்கள். எலக்ட்ரான் அடைபடும் இடத்துக்குக் குவாண்டம் புள்ளி என்று பெயர். ஒரு மில்லிமீட்டரைப் பத்தாயிரம் பங்காக்கினால் ஒரு பங்கு எவ்வளவோ, ஏறக்குறைய அவ்வளவுதான் அதன் அகலம். சில்லின் மேலுள்ள மின்முனைகளுக்குக் கொடுக்கும் மின்னழுத்தமே அதற்குச் சுவர்.

சிக்கல் இங்கேதான். ஒரே மாதிரி செய்த இரண்டு சில்லுகள்கூட ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. பொருளுக்குள் இருக்கும் நுண்ணிய குறைகள் ஆளுக்கொரு குணத்தைக் கொடுத்துவிடுகின்றன. மிருதங்கத்தில் ஒரு பக்கம் தட்டிச் சுருதி சேர்த்தால் மறுபக்கம் விலகுவதுபோல, ஒரு மின்முனையைத் திருத்தினால் பக்கத்துப் புள்ளியும் கலைகிறது. எட்டு மின்முனைகள், ஒவ்வொன்றுக்கும் நூறு நிலைகள் என்று வைத்துக்கொண்டால், மொத்தம் நூறு கோடி கோடி சேர்க்கைகள்!

இவற்றுள் சரியானதைத் தேடும் வேலையை ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் நத்தாலியா ஏரெஸ் குழுவினர் இயந்திரக் கற்றலிடம் ஒப்படைத்தார்கள். ஆய்வு 2020-ல் வெளியானது. சாதனத்தில் ஒரு பக்கம் மின்சாரம் தாராளமாகப் பாயும் நிலைகள், மறுபக்கம் அடியோடு நின்றுவிடும் நிலைகள். நல்ல இடம் இரண்டுக்கும் நடுவிலுள்ள எல்லையை ஒட்டித்தான் இருக்கும். அங்கே எலக்ட்ரான்கள் ஒவ்வொன்றாகக் கடப்பதால், வரைபடத்தில் மின்னோட்டம் முள்முள்ளாக எழும். மென்பொருள் சில அளவீடுகளிலேயே அந்த எல்லையின் வடிவத்தை ஊகிக்கிறது. முள் தெரிந்தால் நின்று விரிவாக அளக்கிறது. தெரியாவிட்டால் நேரத்தை வீணாக்காமல் அடுத்த இடத்துக்குப் போகிறது. எட்டு மின்னழுத்தங்களையும் அது பாதிக்கு மேற்பட்ட முறை 70 நிமிடங்களுக்குள் சரிசெய்தது. இலக்கில்லாத தேடலைவிட இது சுமார் 180 மடங்கு வேகம்.

அந்த ஆய்வில் பயன்பட்டது காலியம் ஆர்சனைடு சாதனம். பின்னர் சிலிக்கான், ஜெர்மானியம் சார்ந்த வேறு அமைப்புகளையும் இதே வழியில் சரிசெய்து காட்டினார்கள்.

எது நல்ல நிலை என்று சொல்லிக்கொடுத்தவர் மனிதர்தான். தேடி அலைவது மட்டுமே கணினி. ஆனால் பயனுள்ள குவாண்டம் கணினிக்கு லட்சக்கணக்கில் புள்ளிகள் வேண்டும். அத்தனையையும் கையால் திருத்த எந்த ஆய்வுக்கூடத்திலும் ஆள் கிடையாது. இந்தத் தானியங்கி வேலை கைகூடாவிட்டால், குறைக்கடத்திக் குவாண்டம் கணினி ஆய்வுக்கூடத்தின் வாசலைத் தாண்டாது.