பழைய நெல்லுக்கு ஒரு பாத்தி ஒதுக்குங்கள்

(வானொலி வேளாண் நிகழ்ச்சியில் வேளாண்மை அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



இன்றைக்கு உரத்தைப் பற்றியோ பூச்சிமருந்தைப் பற்றியோ பேசப் போவதில்லை. விதையைப் பற்றிப் பேசப் போகிறேன். அதுவும் கடையில் வாங்குகிற விதை இல்லை. உங்கள் வீட்டுக் குதிரில் இருந்து, இப்போது காணாமல் போய்க்கொண்டிருக்கிற விதை.

முதலில் என் தவறு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் வேலைக்குச் சேர்ந்த புதிது, 2002-ம் ஆண்டு. கடலோரக் கிராமம் ஒன்றில் ஒரு பெரியவர் அரைக் காணியில் குழியடிச்சான் நெல் போட்டிருந்தார். "ஐயா, இது சாய்கிற பயிர். மூட்டை காணாது. புது ரகம் தருகிறேன், இதை விட்டுவிடுங்கள்" என்று மூன்று தடவை நடந்துபோய்ச் சொன்னேன். படித்த பிள்ளை சொல்கிறதே என்று அவரும் கேட்டுக்கொண்டார்.

2004 டிசம்பரில் கடல் பொங்கி வயலுக்குள் வந்தது. மண்ணில் உப்புப் பூத்துவிட்டது. அடுத்த போகத்தில் நட்ட பயிர் கருகிப் போச்சு. உப்பைத் தாங்குகிற நெல் வேண்டும் என்று தேடிக்கொண்டு அதே பெரியவர் வீட்டுக்குப் போனேன். குதிரைத் திறந்து காட்டினார். அடியில் தூசிதான் இருந்தது. "நீங்க சொன்னீங்கன்னுதானே விட்டேன், தம்பி" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதனால்தான் இன்னும் மறக்க முடியவில்லை. பிறகு வேறோர் ஊரில் ஒரு அம்மாவிடம் இரண்டு மரக்கால் கிடைத்தது. அந்த அம்மாவும் விட்டிருந்தால் அங்கே அந்த நெல் அற்றே போயிருக்கும்.

"ஒரு நெல் போனால் என்ன? ஊரில் நெல்லுக்கா பஞ்சம்?" என்று நீங்கள் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். நடந்த கதை ஒன்றைச் சொல்கிறேன்.

1970-களின் தொடக்கத்தில் ஆசிய நாடுகள் பலவற்றில் நெல்லுக்கு ஒரு நச்சுயிரி நோய் பரவியது. பயிர் புல்லுக் கத்தை மாதிரி குட்டையாகத் தூர்கட்டி நிற்கும், கதிர் தள்ளாது. புல் குட்டை நோய் என்று பெயர். பரப்புவது நமக்குத் தெரிந்த புகையான் பூச்சிதான். ஏக்கர் கணக்கில் ஒரே மாதிரி ரகங்கள் நின்றதால் நோய்க்குத் தடையே இல்லை. பிலிப்பைன்ஸ் நாட்டில் லாஸ் பானோஸ் என்ற ஊரில் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அங்கே சேமித்து வைத்திருந்த நெல் வகைகளில் 6,000-க்கும் மேற்பட்டவற்றைச் சோதித்துப் பார்த்தார்கள். நோயை நன்றாகத் தாங்கியது ஒன்றே ஒன்றுதான். அது பெரிய பெயர் பெற்ற நெல்லும் இல்லை. உத்தரப்பிரதேசத்தில் சேகரித்த ஒரு காட்டு நெல். ஒரைசா நிவாரா என்பது அதன் தாவரப் பெயர். மணி உதிர்ந்துபோகும், விளைச்சலும் கிடையாது. வயலில் கண்டால் நாம் களை என்று பிடுங்கிப் போடுவோம். ஆனால் அந்தக் குணத்தை நல்ல ரகத்தில் ஏற்றித்தான் 1976-ல் ஐ.ஆர். 36 வந்தது. அந்த ஒரு காட்டு நெல்லைச் சேகரிக்காமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும், யோசித்துப் பாருங்கள்.

நம்ம ஊர் நெல்லுக்கும் இப்படி ஒரு பெருமை உண்டு. கோணமணி என்ற நாட்டு நெல்லில் தற்செயலாகக் குணம் மாறி நின்ற செடியிலிருந்து எடுத்ததுதான் ஜி.இ.பி. 24. கோயம்புத்தூரில் 1921-ல் வெளியிட்ட சன்ன ரகம். கிச்சிலி சம்பா என்று சொன்னால் பெரியவர்களுக்குத் தெரியும். அதைக் கோ 18 நெல்லுடன் சேர்த்து, திரூர்க்குப்பத்தில் டி.கே.எம். 6 உருவானது. தண்டுத் துளைப்பானை ஓரளவு தாங்குகிற நெல் அது. அந்த விதை பிலிப்பைன்ஸ் போனது. 1969-ல் ஐ.ஆர். 20 என்று பிள்ளை பெற்றுத் திரும்பி வந்தது. நம் அப்பன் பாட்டன் ஊன்றி ஊன்றி நட்டதெல்லாம் நம் ஊர் நெல்லின் பேரப்பிள்ளையைத்தான்.

இன்னொன்று. ஒடிசாவில் வெள்ளக்காட்டில் விளைந்த நாட்டு நெல்லிலிருந்து தேர்ந்தெடுத்தது எஃப்.ஆர். 13ஏ. தண்ணீரில் இரண்டு வாரம் முழுகிக் கிடந்தாலும் பிழைத்துக்கொள்ளும். அந்தக் குணத்துக்குக் காரணமான மரபணுவை 2006-ல் அடையாளம் கண்டார்கள். 2009-ல் ஸ்வர்ணா சப் 1 வந்தது. இப்போது நம் டெல்டாவில் போடுகிற சி.ஆர். 1009 சப் 1 ரகத்திலும் அதே குணம்தான் இருக்கிறது.

ஆக, புது ரகம் வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லீங்க. புது ரகம் பிள்ளை என்றால் பழைய நெல் தாய். தாயைத் தொலைத்துவிட்டால் அடுத்த பிள்ளை எங்கிருந்து வரும்?

இதை உணர்ந்துதான் உலகம் முழுவதும் விதை வங்கிகள் வைத்திருக்கிறார்கள். லாஸ் பானோஸ் வங்கியில் மட்டும் 1,32,000-க்கும் மேற்பட்ட நெல் மாதிரிகள் இருக்கின்றன. நீண்ட காலம் வைக்க வேண்டியதை நன்றாக உலர்த்தி, மைனஸ் 20 டிகிரி குளிரில் வைக்கிறார்கள். அதன் நகல் அமெரிக்காவிலும், நார்வே நாட்டில் பனிமலைக்குள் 2008-ல் திறந்த ஸ்வால்பார்டு பெட்டகத்திலும் இருக்கிறது.

இதனால் பயன் உண்டா? கம்போடியா நாட்டைக் கேட்க வேண்டும். 1975 முதல் 1979 வரை அங்கே நடந்த கொடிய ஆட்சியில் குடியானவர்களை ஊர்விட்டு ஊர் விரட்டினார்கள். பசியில் விதை நெல்லையும் தின்று தீர்த்தார்கள். பல நாட்டு ரகங்கள் அற்றுப் போயின. நல்ல வேளையாக, அதற்கு முன்பே சேகரித்த விதை லாஸ் பானோஸில் இருந்தது. 1980-களில் 700-க்கும் மேற்பட்ட ரகங்களை அந்த நாட்டுக்கே திருப்பிக் கொடுத்தார்கள்.

ஆனால் வங்கி இருக்கிறதே என்று நாம் சும்மா இருந்துவிடக் கூடாது. பிலிப்பைன்ஸ் அரசின் தேசிய விதை வங்கி ஒன்று 2006-ல் புயல் வெள்ளத்தில் சிக்கியது. 2012-ல் தீவிபத்திலும் சிக்கியது. எல்லா முட்டையையும் ஒரே கூடையில் வைக்கிற கோழிக்காரன் உண்டா? இன்னொன்றும் உண்டு. குளிரறையில் விதை தூங்குகிறது. வயலில்தான் அது வருஷா வருஷம் வெயிலையும் பூச்சியையும் பார்த்துப் பழகுகிறது. எந்த மண்ணுக்கு, எந்தப் பட்டத்துக்கு, எந்தச் சோற்றுக்கு என்ற அறிவு வங்கியில் இல்லை, உங்களிடம் இருக்கிறது. திருத்துறைப்பூண்டி பக்கம் நெல் ஜெயராமன் என்ற விவசாயி 170-க்கும் மேற்பட்ட பாரம்பரிய ரகங்களை மீட்டுப் பரப்பினார். 2018-ல் காலமானார். அவர் கொடுத்த விதை இன்றும் வயல்களில் நிற்கிறது.

நீங்கள் செய்ய வேண்டியது என்ன?

உங்கள் நிலத்தில் இரண்டு சென்ட் ஒதுக்குங்கள், போதும். ஒரு பழைய ரகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். குத்துக்கு ஒரு நாற்றாக நடுங்கள். பக்கத்து ரகத்துக்கும் இதற்கும் மூன்று மீட்டர் இடைவெளி விடுங்கள். பட்டம் முக்கியம். நீண்ட வயது சம்பா ரகங்கள் பல, பகல் குறுகினால்தான் பூக்கும். வேறு பட்டத்தில் விதைத்தால் ஏமாந்து போவீர்கள். தெளிவாக வேறு நெல் என்று தெரிகிற கலவனைப் பிடுங்கிவிடுங்கள். விதைக்கு ஒரே குத்தில் எடுக்காதீர்கள். நாட்டு ரகத்துக்குள்ளேயே சின்னச் சின்ன வேறுபாடு இருக்கும், அதுவும் சொத்துதான். ஐம்பது, நூறு குத்துகளிலிருந்து கதிர் எடுங்கள்.

உச்சி வெயிலைத் தவிர்த்துக் காலையிலும் மாலையிலும் காய வையுங்கள். கடித்தால் 'கடுக்'கென்று உடைய வேண்டும். ஈரம் 12, 13 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. நொச்சி இலையோ வேப்பிலையோ காய வைத்துக் கலந்து கட்டுங்கள். வீட்டு விதையை இரண்டு வருஷம் வைத்தால் முளைப்பு குறைந்துவிடும். ஆகவே வருஷம் ஒருமுறை விதைத்துப் புதுப்பியுங்கள்.

ரகத்தின் பெயர், வயது, எதைத் தாங்கும் என்று எழுதி, ஒரு பொட்டலம் விதையை அருகிலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்தில் கொடுங்கள். 2001-ம் ஆண்டுப் பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டப்படி, உங்கள் ரகத்தை உங்கள் பெயரில் பதிவு செய்யலாம். விவசாயிக்குப் பதிவுக் கட்டணம் கிடையாது. விதையைச் சேமிக்கவும் மாற்றிக்கொள்ளவும் உங்களுக்கு உரிமை உண்டு.

இன்று இரவே வீட்டில் வயதானவர்களிடம் கேளுங்கள்: "அந்தக் காலத்தில் என்ன நெல் போட்டீங்க? யாரிடம் இருக்கும்?" அவர்கள் ஒரு பெயரைச் சொன்னால், நாளைக்கே தேடிப் போங்கள். நான் தாமதமாகத்தான் போனேன். குதிரில் தூசிதான் மிச்சம் இருந்தது.